சட்டாம்பிள்ளைக்குப் பெண்பால் இல்லை

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியவர்கள் சட்டாம்பிள்ளையை விட்டுவிடுவதில்லை. வாத்தியார் வருவதற்கு முன்பே வந்து மணலைப் பரப்புகிறவன் அவன். சின்னப் பையன்களின் விரலைப் பிடித்து எழுத்துப் பழக்குவான். மாலையில் எல்லோரையும் உட்கார வைத்து முறை சொல்ல வைப்பான். வராதவனை வீட்டுக்கே போய் இழுத்து வருவான். அவனும் மாணவன்தான், கொஞ்சம் முன்னால் சேர்ந்தவன். அந்த 'கொஞ்சம் முன்னால்' என்பதுதான் அவனுடைய பதவி.

இந்தப் பதவி கடல் கடந்தும் போனது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யலாம் என்பதையும் பிடித்துக்கொண்டார். ஊர் திரும்பி 1797-இல் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பல அந்த முறையில் நடந்தன. 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. நம் இலக்கணக்காரர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆசிரியரிடம் ஒழுங்காகப் பாடம் கேட்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு விரித்துச் சொல்லும்போது வரும். இருபது வருடமாக நான் வகுப்பில் நடத்தும் பகுதி இது. ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு பெண் கேட்பாள்: "மேடம், இதுல மாணாக்கன்னு வர்ற இடத்துல மாணாக்கின்னு போட்டுக்கலாமா?" போட்டுக்கொள்ளலாம் என்பேன். ஆனால் சட்டாம்பிள்ளையை அப்படி மாற்ற முடியாது. தோழனுக்குத் தோழி உண்டு, வாத்தியாருக்கு வாத்தியாரம்மா உண்டு. சட்டாம்பிள்ளைக்குப் பெண்பால் இல்லை.

இல்லாததற்குக் காரணம் எளிது. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று தனித்தனியாகக் கேட்டார். வந்த பதில்களில் பெண்களுக்கான கட்டம் பல இடங்களில் வெறுமையாகவோ மிகச் சிறிய எண்ணாகவோ இருந்தது. எண் இருந்த இடங்களில் அவர்களில் பலர் கோயில் ஆடல் மகளிர் வீட்டுப் பிள்ளைகள். எழுத்து என்பது ஆடுகிற பெண்ணுக்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணத்தை மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பிலும் பதிவு செய்தார். பெண் மாணவியே அரிது என்னும்போது, அவளுக்கு முன்னால் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்குச் சொல் எங்கிருந்து வரும்?

சொல் இல்லாமலே அந்த ஆள் எங்களுக்கு இருந்தாள். அக்கா என்று கூப்பிட்டோம். அவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றிலும் செம்மண். அங்கிருந்து ஆண்டிமடம் பக்கம் போகப் போக முந்திரிக் கொல்லைகள். கிழக்கே இறங்கினால் வீராணத்துத் தண்ணீர் பாயும் நெல்வயல், வடக்கே வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள். ஊருக்கு நடுவே பூவராக சுவாமி கோயில். மாசி மகத்துக்குச் சாமி கடலாட கிள்ளைக்குப் போகும்போது அங்கே முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீமுஷ்ணம் என்றால் இதுதான் தெரியும், இல்லாவிட்டால் கோயிலில் கொடுக்கும் கோரைக்கிழங்குப் பிரசாதம். எங்களுக்கு அது சந்தையும் பஸ்ஸும் மேல்நிலைப் பள்ளியும் இருக்கும் ஊர். 2018-இல்தான் அது தனி வட்டமானது. அதுவரை எல்லா மனுவுக்கும் காட்டுமன்னார்கோயில் போக வேண்டும்.

நான் படித்தது ஸ்ரீமுஷ்ணத்துக்கு வெளியே ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1991-இல். அப்போது பள்ளிப் பலகையில் 'தென்னார்க்காடு மாவட்டம்' என்று இருந்தது. 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது 'வள்ளலார்' சேர்ந்தது. 1997-இல் தலைவர்கள் பெயர்கள் எடுக்கப்பட்டுக் 'கடலூர்' ஆனது. ஒவ்வொரு தடவையும் பெயிண்டர் வந்து அழித்து எழுதினார். சுண்ணாம்பு அடித்த நான்கு அறை, ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம், ஒரு புளியமரம், சத்துணவுக்கூடம். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம், ஆண்கள் கிட்டத்தட்ட 74. பாதிக்குப் பாதி என்பதை எங்கள் தெருவில் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்: அம்மாக்கள் கைநாட்டு, அக்காக்கள் கையெழுத்து.

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்குக் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வரிசையாகப் போவோம். ஒற்றையடிப் பாதை என்பதால் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. முன்னால் பத்தாம் வகுப்பு அக்கா, கடைசியில் ஒன்பதாம் வகுப்பு அக்கா, நடுவில் நாங்கள். யாரும் சொல்லி வைத்த வரிசை இல்லை. முன்னால் போகிறவள் பாம்பு பார்க்க, பின்னால் வருகிறவள் ஆள் பார்க்க. முந்திரிக் கொல்லை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் முன்னால் போகும் அக்கா சத்தமாக வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிப்பாள். நாங்களும் சொல்ல வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு வரை எனக்கு அந்தக் கொல்லையில்தான் மனப்பாடம் ஆனது. அது பாடத்துக்காகச் சொன்னது இல்லை, 'இங்கே கூட்டமாக இருக்கிறோம்' என்று கொல்லைக்குள் இருக்கக்கூடிய யாருக்கோ கேட்பதற்காகச் சொன்னது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

பள்ளியில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. பின்புறம் ஓடைக்கரையில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் மண்டிக் கிடக்கும். அங்கே போவதற்கு நேரம், முறை, காவல் எல்லாம் அக்காக்கள் வகுத்திருந்தார்கள். இரண்டாம் மணி அடித்ததும் ஆறு, ஏழு, சாப்பாட்டு நேரத்தில் எட்டு, கடைசியில் பெரியவர்கள். ஒருத்தி எப்போதும் தாவணியை விரித்துக்கொண்டு பாதைப் பக்கம் நிற்பாள். எல்லாப் பள்ளிகளிலும் கழிவறை கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவிட்டது 2012-இல். அதற்கு முந்தைய தலைமுறைகள் எப்படிச் சமாளித்தன என்று யாராவது ஆய்வு செய்தால், அந்தத் தாவணியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும்.

துணி மடித்துக் கொடுத்ததும் அக்காக்கள்தான். ஒரு பத்தாம் வகுப்பு அக்கா, ஜாமெட்ரி பாக்ஸின் அடித்தட்டில் எப்போதும் ஊக்கும் ஒரு மடித்த பழைய வேட்டித் துண்டும் வைத்திருப்பாள். காம்பஸ் இருக்காது, காம்பஸ் வேண்டுமென்றால் பையன்களிடம் வாங்கிக்கொள்வாள். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் திட்டத்தை அரசு அறிவித்தது 2011-இல். அதற்கு இருபது வருடத்துக்கு முன்பு ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த அந்தத் துணிதான் எங்கள் சுகாதாரத் துறை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆசிரியர் நோட்டுத் திருத்த மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிற்க வைப்பார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்: "அந்த சார் கூப்பிட்டா ஒத்தையா போவக்கூடாது. ரெண்டு பேரா போங்க. நோட்ட மேசைமேல வச்சிட்டு இந்தாண்ட வந்து நில்லுங்க." ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யாரிடம் புகார் சொல்வது என்று தெரியாத இடத்தில், தெரிந்ததை அடுத்தவளுக்குச் சொல்லி வைத்தார்கள். நன்னூல் சொல்லும் கூடப் படிப்பவர்களிடம் கற்கும் கால் பங்கில் இதுவும் அடங்கும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பவணந்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாடமும் அவர்களிடமிருந்துதான் வந்தது. போன வருடப் புத்தகத்தைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். காசு இல்லாவிட்டால் ஒரு படி வேர்க்கடலை. புத்தகத்தோடு அடிக்கோடுகளும் சேர்ந்து வரும். 'இது கண்டிப்பா வரும்', 'இது வராது', 'டீச்சர் இத நடத்தவே இல்ல' என்று ஓரத்தில் பென்சில் குறிப்புகள். கோனார் நோட்ஸ் ஒன்று மூன்று தெருவுக்கும் பொது. அதன் அட்டைக்குள் வரிசையாக நான்கு பெண்களின் பெயர்கள், மேலே இருந்து கீழே, ஒவ்வொன்றும் ஒரு வருடம். நான் தமிழ் படித்ததற்கு எந்தப் பேராசிரியரைவிடவும் அந்த அட்டைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நான்காவது பெயருக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்குப் பத்தாவது வரை போயாக வேண்டும்.

போக முடியுமா என்பது என் கையில் இல்லை. முன்னால் போகிறவள் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டும். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரே ஒரு பெரிய பெண் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது அரைப்பரீட்சைக்குப் பிறகு அவள் வரவில்லை. தாய்மாமனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அவளோடு வந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரும் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் இல்லை, காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை, அவ்வளவுதான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மூவருக்கும் ஒரே காரணம்தான் எழுதியிருப்பார்கள்: நெடுநாள் வராமையால் பெயர் நீக்கம். மூன்று தனித்தனி வரிகள். ஒரு வரியால்தான் மற்ற இரண்டும் விழுந்தன என்பதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. பள்ளியை விட்டு நின்றவர்களைப் பற்றிய புள்ளிவிவரங்கள் எல்லாம் இப்படிப்பட்ட பதிவேடுகளிலிருந்துதான் எழுகின்றன. ஒவ்வொரு பெண்ணும் தனியாக நின்றுவிட்டதைப் போல ஒரு தோற்றம் அதனால்தான் வருகிறது.

முன்னால் யாருமே இல்லாமல் போனவர்களும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1904-இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே அவர் ஒருவர்தான் பெண். பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் முடித்தவர். பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது, மன்னர் அனுமதித்தார். மூடுவண்டியில் வந்து, வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். அவருடைய தந்தை அங்கே ஆசிரியர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தாய் தேவதாசி மரபில் வந்தவர். மன்றோவின் கணக்கில் எழுத்தறிந்த பெண்களாக வந்த அதே மரபு. 1912-இல் மருத்துவப் பட்டம், 1927-இல் சட்டமன்றத் துணைத்தலைவர் என்று அவர் போன தூரத்தை நாம் பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்தத் திரைக்குப் பின்னால் அவரிடம் ஊக்கு கொடுக்க யார் இருந்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. எங்கள் கடலூரின் அஞ்சலை அம்மாள், நீல் சிலை அகற்றும் போராட்டத்துக்காக 1927-இல் சிறை போனவர், படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நம் காலத்துக் கவிஞர் சல்மா ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். அதை அவரே பல இடங்களில் பேசியிருக்கிறார். இவர்களையெல்லாம் சாதனையாளர் வரிசையில் வைத்துப் பேசுவது நம் வழக்கம். சாதிக்காத, பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய, இப்போது சத்துணவுக்கூடத்தில் அரிசி அளந்துகொண்டிருக்கும் அக்காக்கள் இல்லையென்றால் நூறு பேர் பள்ளிக்கே வந்திருக்க மாட்டோம் என்பதும் பெண் கல்வி வரலாறுதான்.

அரசு என்ன செய்தது என்று கேட்பீர்கள். நிறையச் செய்தது. சத்துணவு 1982-இல் தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1984-இல் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் வந்ததில் அந்தச் சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 1978-இல் பெண்ணின் திருமண வயது பதினெட்டாக உயர்ந்தது. அதே ஆண்டுதான் பழைய பதினோராம் வகுப்பு போய் மேல்நிலைக் கல்வி வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை எங்கள் ஊர் ஆயாக்கள் தங்கள் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். பத்தாவது முடிக்கும்போது பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு. பதினெட்டு வரை மீதி வருடங்களை எங்கே வைப்பது? பிளஸ் ஒன் என்றால் ஸ்ரீமுஷ்ணமோ விருத்தாசலமோ போக வேண்டும். பஸ்ஸில் போகவேண்டிய பெண் கொல்லைக்குப் போனாள்.

கொல்லை என்றால் முந்திரி. எங்கள் பக்கம் முந்திரி பழுப்பது மாசி, பங்குனியில். பொதுத்தேர்வு வருவதும் அப்போதுதான். விடியற்காலை கொட்டை பொறுக்கிவிட்டு ஒன்பதரைக்குப் பரீட்சை எழுத வந்த அக்காக்கள் உண்டு. வறுத்த கொட்டையை உடைக்கிறவர்களுக்குத் தோலிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல் நுனி வெந்து கறுத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அந்த விரலால் பேனா பிடித்தால் விடைத்தாளில் கறை விழும். "மை கொட்டிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க, உடு" என்று ஒரு அக்கா சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

1989-இல் வந்தது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். பெண் எட்டாவது வரை படித்திருந்தால் கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய். நான் ஆறாவது படித்த நாள்களில் இந்த ஐயாயிரம் பற்றிப் பேசாத திண்ணை இல்லை. "எட்டு வரைக்கும் போவட்டும்" என்று என் ஆயாவே சொன்னாள். எழுத்தே வேண்டாம் என்று இருந்தவள். பிற்பாடு தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. அதிலும் தேறினாலும் சரி, தவறினாலும் சரி. இந்தத் திட்டத்தைக் கேலி செய்வது படித்தவர்களுக்குச் சுலபம். நானும் என் ஆய்வு மாணவ நாள்களில் செய்திருக்கிறேன், அதில் நியாயமும் இருக்கிறது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடி, 1936-இல் அதைப் பற்றியே 'தாசிகளின் மோசவலை' என்ற நாவலையும் எழுதியவர் இராமாமிர்தம் அம்மையார். அவர் பெயரில் பெண்ணின் படிப்பைத் தாலிக்கு முன்பணம்போல ஆக்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் எட்டாவதில் நிற்கவேண்டிய பெண் பத்தாவது வரை பாதையில் நடந்தால், அவளுக்குப் பின்னால் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை மூன்று பேர் நடக்க முடிந்தது. திட்டம் போட்டவர்கள் இந்தக் கணக்கை நினைத்திருப்பார்களா என்று தெரியாது. எங்கள் பாதையில் அது நடந்தது.

இதுவரை 'நாங்கள்' என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த வரிசையில் காலனிப் பெண்கள் இல்லை. அவர்களுக்கு வேறு பாதை, ஏரிக்கரை வழியாகச் சுற்றி வரும். அவர்களிலும் ஒரு அக்கா முன்னால் வந்தாள். எங்கள் அக்காவும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கணக்கில் அவள்தான் முதல். பள்ளி விட்டதும் இரண்டு வரிசை இரண்டு பக்கம் பிரியும். கோனார் நோட்ஸ் எங்கள் மூன்று தெருவுக்குள்ளேயே சுற்றியது, ஏரிக்கரைக்குப் போகவில்லை. பெண்களுக்குள் இருந்த அந்த உதவி எவ்வளவு பெரியது என்று சொல்லும்போதே அது எங்கே நின்றது என்பதையும் சொல்லாவிட்டால் அது பொய் வரலாறு.

எங்கள் வட்டாரத்தில் இந்தக் கதை நீண்டது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். காட்டுமன்னார்கோயிலில் 1924-இல் பிறந்த இளையபெருமாள், பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகி, தீண்டாமை பற்றி ஆராய இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1969-இல் அறிக்கை கொடுத்தார். உடைத்த பானையின் கதை எல்லோருக்கும் தெரியும். அதே வட்டாரத்தில், பானை போய்க் குழாய் வந்த பிறகும், கடைசியாகத்தான் குடிக்கவேண்டும் என்று யாரும் சொல்லாமலே கடைசியில் நின்ற பெண்களின் கதை எழுதப்படவில்லை. காலனி அக்கா தன் வரிசைக்கு எங்களுக்குத் தெரியாத வேறு பாடங்களும் சொல்லியிருப்பாள். முந்திரிக் கொல்லையில் எங்களுக்குப் பயமாக இருந்தது யாரோ ஒரு ஆண். ஏரிக்கரையில் அவர்களுக்குப் பயமாக இருந்தவர்களில் எங்கள் தெரு அண்ணன்களும் இருந்தார்கள்.

பள்ளி மாணவிகளுக்கு அரசு இலவச மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது 2001-02 கல்வியாண்டில். முதலில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு. சில ஆண்டுகளில் எல்லோருக்கும். நான் அப்போது சிதம்பரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஏரிக்கரையில் நான்கு பெண்கள் வரிசையாகப் புதுச் சைக்கிளில் வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் முதன்முதலாகப் பொறாமை அந்தத் திசையில் போனதை அன்று பார்த்தேன். புதுக்கோட்டையில் 1991-இலேயே அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்துவிட்டது. பீகார் 2006-இல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தபோது பொருளாதார ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தார்கள், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில் பலன் அதிகம். அளக்காமலே இது எங்களுக்குத் தெரிந்த சங்கதி.

சைக்கிள் வந்ததும் முன்னால் போகிற அக்காவின் வேலை குறைந்தது. நல்லதுதான். துணைக்கு ஆள் இல்லை என்ற காரணத்தை யாரும் சொல்ல முடியாமல் போனது. இப்போது பஸ் இருக்கிறது, பல வீடுகளில் ஸ்கூட்டி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கு வந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவிதான் அவர் பெயரிலேயே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. என்னை உறுத்திய ஒரு விஷயம் சரியானது. என் வகுப்பில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பெண்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் பள்ளிக்குப் போன பெண் யார் என்று கேட்டால் சிலர் அம்மா என்கிறார்கள். எங்கள் வரிசையில் நடந்த யாரோ ஒருத்தியாக அந்த அம்மா இருக்கலாம். அம்மா எத்தனாவது வரை என்று அடுத்துக் கேட்பேன். எட்டு, பத்து, 'பத்து ஃபெயில்' என்று பதில் வரும். ஃபெயில் என்பதைச் சொல்லும்போது குரல் தாழும். அந்த 'பத்து ஃபெயி'லுக்குப் பின்னால் இருக்கும் முந்திரிக் கொட்டையையும் மூன்று சின்னப் பெண்களையும் அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவதற்கு முன்பு, வரிசையில் முன்னால் போன அக்காக்களில் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஐம்பதைத் தொடப் போகிறார். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மற்ற எல்லோரையும் அப்படியே பெயரில்லாமல் விட்டேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினார்.

"நீங்க இல்லன்னா நாங்க படிச்சிருக்க மாட்டோம்க்கா" என்றேன்.

"அத வுடு. எட்டாவதோட என்ன நிறுத்தறதாத்தான் இருந்திச்சு, தெரியுமா? எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு. உங்கம்மாதான் வந்து சண்ட போட்டுது. எம் பொண்ணு இந்த வருசம்தான் ஆறாவது சேந்துருக்கு, நீ நிறுத்திட்டா அத யாரு கூட்டிக்கிட்டு போவான்னு. அப்பறம் பக்கத்து வூட்டு சித்தியும் வந்துது. அதனால ரெண்டு வருசம் சேத்து அனுப்பினாங்க. உங்களக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தாண்டி நான் பத்தாவது வரைக்கும் வந்தேன்."

அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கைநாட்டு வைக்கும் அம்மா.

அக்கா மார்ச்சில் கணக்கில் தவறி, அக்டோபரில் மறுபடி எழுதித் தேறியவர். ஸ்ரீமுஷ்ணத்துக்கு டுடோரியல் போக வீட்டில் விடவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். ஏரிக்கரை அக்காவின் பெயரைச் சொன்னார். அந்த ஐந்து மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் முந்திரிக் கொல்லைக்குப் போகும்போது இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில் இருந்திருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"யாருக்கும் தெரியாதுடி. மண்ணுதான, கால வச்சு அழிச்சிடுவோம்" என்றார். கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு, காபி போட உள்ளே போனார்.